ஓடும்போதே கழற்றிய சிப்

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. சீர்காழியில் என் சகலை வீட்டுக் காதுகுத்து விருந்து. கை கழுவுகிற இடத்தில் எனக்கு முன்னால் நின்ற ஓர் அம்மாள், பக்கத்தில் இருந்த மருமகளைக் காட்டி யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது.

"இவதான். ஓடிக்கிட்டு இருக்கிற மிசினுலேருந்து மூளையக் கழட்டி, வேற மூளைய மாட்டி, என் வெத நெல்லக் காப்பாத்திக் குடுத்தா."

மருமகள் ஈரக் கையை உதறிக்கொண்டே, "மூளையெல்லாம் இல்ல அத்தை, சிப்பு," என்றாள்.

ஒரு மாமியார், பொது இடத்தில், மருமகள் காதுபடவே அவளைப் பற்றிப் பெருமையாகப் பேசினால் எழுதுகிறவன் சும்மா இருப்பானா? பாயசம் மறந்துபோயிற்று. இருவருக்கும் எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். அங்கே கிடைத்தது பாதி. மீதியை வானதியிடம் (மருமகளின் பெயர் வானதி, மாமியார் தர்மாம்பாள்) பிறகு போனில் கேட்டுக் கேட்டு வாங்கினேன். முழுவதும் கைக்கு வந்த பிறகுதான் கஷ்டம் ஆரம்பமானது. எங்கிருந்து தொடங்குவது?

முதல் முயற்சி:

"வானம் கருத்துக்கொண்டு வந்தது. தர்மாம்பாள் நெல் அம்பாரத்துக்குள் கையை விட்டுப் பார்த்தாள். உள்ளே அனலாக இருந்தது. அவளுடைய —"

[நிறுத்திவிட்டேன். வானம் கருத்துத் தொடங்கும் கதைகளை நானே வேண்டிய மட்டும் எழுதித் தீர்த்திருக்கிறேன்.]

இரண்டாவது:

"கம்ப்யூட்டரைப் போட்டதும் அதற்குள் முதலில் கண் விழிப்பது பயாஸ் என்னும் சின்னஞ்சிறு நிரல். மதர்போர்டிலேயே ஒரு சிப்பில் அது குடியிருக்கிறது. மெமரி இருக்கிறதா, கீபோர்டு இருக்கிறதா, டிஸ்க் இருக்கிறதா என்று ஒவ்வொரு கதவாகத் தட்டிப் பார்த்துவிட்டு, எல்லாம் சரி என்றால் பொறுப்பைப் பெரிய நிரல்களிடம் கொடுத்துவிட்டு —"

[இதையும் நிறுத்தினேன். ஆனால் தூக்கிப் போட மனமில்லை. கதை புரிய இது வேண்டும். இங்கேயே கிடக்கட்டும்.]

மூன்றாவதை வானதிக்கே போனில் வாசித்துக் காட்டினேன். "வானதி ஓர் அபூர்வமான பெண்" என்று அது தொடங்கியது. மறுமுனையில் ஒரே சிரிப்பு.

"சார், அத மட்டும் எடுத்துடுங்க. காலேஜ்ல ஓட்டித் தள்ளிடுவாங்க."

எடுத்துவிட்டேன். அபூர்வம் ஏதுமில்லாத வானதியிலிருந்து தொடங்குகிறேன்.

2

தஞ்சாவூரில் ஒரு பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் லேப் அவள் பொறுப்பு. வீடு வடுவூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். கணவன் சூர்யபிரகாஷ் தோஹாவில் இருக்கிறான். வீட்டில் அவளும் தர்மாம்பாளும்தான். காலையில் பஸ் பிடித்துப் போய்ச் சாயங்காலம் திரும்பி, காபி குடித்த டம்ளரை அலம்பி வைத்துவிட்டு மாடி அறைக்குப் போவாள். அங்கே மேஜை, கட்டிலடி, அலமாரி என்று எங்கு பார்த்தாலும் பழைய மதர்போர்டுகள். பள்ளிக்கூடங்களும் ஆபீஸ்களும் கழித்துக் கட்டியவை. அவற்றின் பயாஸைப் பிரித்து, மாற்றி எழுதி, திரும்ப ஏற்றுவது அவளுடைய பொழுதுபோக்கு. தயாரித்தவர்களே கைகழுவிவிட்ட பலகைகளுக்கு, அவை பிறந்தபோது உலகத்தில் இல்லாத சாமான்களை அடையாளம் காட்டிக் கொடுப்பாள்.

"இதுல அப்படி என்னம்மா இருக்கு?" என்று கேட்டேன்.

"இப்ப வர்ற போனுக்குள்ள என்ன நடக்குதுன்னு யாராலயும் முழுசாப் பாக்க முடியாது சார். பழைய பயாஸ்னா மொத எழுத்துலேருந்து கடைசி எழுத்து வரைக்கும் பாத்துடலாம். எங்கயோ ஒக்காந்து ஒருத்தர் எழுதினது. எந்த எடத்துல அவசரப்பட்டாரு, எந்த எடத்துல சாப்பாட்டு நேரம் வந்துடுச்சுன்னு தெரியும். தப்பத் திருத்தி விட்டா, செத்ததுன்னு போட்டது எந்திரிச்சு ஒக்காரும். அந்த நிமிஷம் நல்லா இருக்கும் சார்."

[இந்த இடத்தில் ஒரு சந்தேகத்தை உங்களிடம் சொல்லிவிட வேண்டும். தர்மாம்பாளைப் பற்றித்தான். 'மாமியார்' என்று எழுதியதுமே உங்கள் மனதில் ஒரு முகம் வந்திருக்கும். சாயங்கால டிவியில் புருவத்தை உயர்த்தும் முகம். அதற்குப் பயந்து இரண்டாவது பிரதியில் அவளை வானதியின் பெரியம்மாவாக மாற்றிப் பார்த்தேன். பெரியம்மா ஆனதும் தர்மாம்பாள் வாயே திறக்கவில்லை. வாயில் வெற்றிலையைப் போட்டுக்கொண்டு எங்கேயோ பார்த்தபடி உட்கார்ந்துவிட்டாள். மறுபடி மாமியாராக்கிய பிறகுதான் பேச ஆரம்பித்தாள்.]

நிஜத்தில் அவளுக்கு மருமகளின் பொழுதுபோக்கைப் பற்றி நல்ல அபிப்பிராயமும் இல்லை, கெட்ட அபிப்பிராயமும் இல்லை. "ஓட்ட ஒடசல்" என்பாள், அவ்வளவுதான். ஈரக் காலோடு அந்த அறைக்குள் போனால் வானதி கத்துவாள் என்பது மட்டும் அவளுக்குக் குறை. அவளுக்கு வேறு வேலை இருந்தது. சொந்த நிலத்திலும் குத்தகை நிலத்திலுமாக விதை நெல் போடுகிறவள். சாப்பாட்டு நெல்லைப்போல அதை விட்டேற்றியாக வளர்க்க முடியாது. கதிர் விடும் சமயத்தில் வரப்பு வரப்பாகப் போய், உயரத்திலோ நிறத்திலோ கொஞ்சம் மாறித் தெரியும் ஒவ்வொரு பயிரையும் வேரோடு பிடுங்கிப் போட வேண்டும். கலவன் எடுப்பது என்பார்கள். அந்தக் கண் அவளுக்கு உண்டு.

மாமியாருக்கும் மருமகளுக்கும் சண்டை கிடையாது. நெருக்கமும் கிடையாது. ஒரே வீட்டில் இரண்டு வேலைக்காரிகள் தத்தம் வேலையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள் என்று சொன்னால் சரியாக இருக்கும்.

3

அந்த வருஷம் குறுவை அறுப்பும் மழையும் சேர்ந்தே வந்தன. நெல் ஈரத்தோடு களத்துக்கு வந்தது. ஈர நெல்லைக் குவித்து வைத்தால் உள்ளே வெக்கை கண்டுவிடும். சாப்பாட்டு நெல்லானால் அரிசி பழுப்பேறும், அதோடு போயிற்று. விதை நெல்லில் உள்ளே இருக்கும் உயிரே போய்விடும். பார்ப்பதற்கு நெல் மாதிரியே இருக்கும். விதைத்தால் முளைக்காது.

வெயில் இல்லாத நாளில் ஒரே கதி சாமிதுரையின் டிரையர்தான். சாமிதுரை தர்மாம்பாளுக்குத் தம்பி முறை. ஆகவே வானதிக்குச் சித்தப்பா. ஊர் எல்லையில் தகர ஷெட்டில் ஒரு பெரிய நெல் உலர்த்தும் இயந்திரம் வைத்திருக்கிறார். எங்கோ ஆலை மூடியபோது பழையதாக வாங்கியது. அதோடு கூடவே இரும்புப் பெட்டிக்குள் ஒரு பழைய கம்ப்யூட்டரும் வந்தது. நெல்லுக்குள் எவ்வளவு சூடு இருக்கிறது என்று விடாமல் பார்த்து, அடுப்பைக் கூட்டுவதும் குறைப்பதும் அதன் வேலை. ஒரு தடவை கம்ப்யூட்டர் இல்லாமல் கையாலேயே அடுப்பை வைத்து ஓட்டிப் பார்த்தார். அந்தத் தடவை உலர்ந்த விதை நெல்லில் பாதிகூட முளைக்கவில்லை.

இப்போது அந்தக் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் 'டக் டக்' என்று தட்ட ஆரம்பித்திருந்தது. தர்மாம்பாளின் நெல் உட்பட நாலைந்து வீட்டு விதை நெல் ஷெட்டில் அம்பாரமாகக் கிடந்தது. வானதியைக் கூப்பிட்டார்கள். டிஸ்க் முழுவதுமாக உயிரை விடுவதற்குள் அதில் இருந்ததை எல்லாம் அவள் தன் லேப்டாப்பில் பிரதி எடுத்துவிட்டாள். அந்தக் காலத்து டிஸ்க் இப்போது எங்கே கிடைக்கும்? கேமராவில் போடும் பழைய ரக மெமரி கார்டை அதே இடத்தில் மாட்டலாம். மன்னார்குடியில் கல்யாண வீட்டுப் போட்டோக்காரர் ஒருவரிடம் ஒன்று கிடைத்தது.*

மாட்டினாள். கம்ப்யூட்டரைப் போட்டாள். மெமரியை எண்ணியது. டிஸ்க்கைத் தேடுகிறேன் என்று திரையில் ஒரு வரி வந்தது. அந்த வரியின் பாதியிலேயே நின்றுவிட்டது. திரும்பத் திரும்பப் போட்டாலும் அதே இடத்தில் நின்றது.

* தெரிந்த வாசகர் ஒருவர் கேட்பார்: 'கார்டு பெரிதாக இருந்ததால்தானே நின்றது, சின்னதாக ஒன்று வாங்கியிருக்கலாமே?' நானும் கேட்டேன். "ஆன்லைன்ல போட்டேன் சார். அது வர்றதுக்குள்ள நெல்லு மொளச்சு நாத்தாயிடும்," என்றாள்.

4

ஏன் நின்றது என்பதை வானதி எனக்கு விளக்கினாள். எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். புது டிஸ்க்கைப் பார்த்ததும் அது எவ்வளவு பெரியது என்று பயாஸ் ஒரு வகுத்தல் கணக்குப் போடும். அந்த பயாஸை எழுதியவர் காலத்தில் இவ்வளவு பெரிய டிஸ்க்கே கிடையாது. விடையை வைக்க அவர் விட்டிருந்த இடம் மரக்கால் அளவு. வந்த விடையோ கலம். வழிந்துவிட்டது. வழிந்தால் என்ன செய்வது என்று அவர் எழுதி வைக்கவில்லை. ஆகவே அது அப்படியே திகைத்து நின்றுவிட்டது.

அன்று கல்லூரிக்கு லீவு சொல்லிவிட்டு, கார்டைக் கழற்றி ஃபிளாப்பியிலிருந்து கம்ப்யூட்டரை எழுப்பி, அதன் பயாஸைப் பிரதி எடுத்துக்கொண்டாள். மாடி அறையில் உட்கார்ந்து அதைப் பிரித்தாள். வகுக்கும் இடத்தைக் கண்டுபிடித்தாள். 'உன்னால் எழுத முடிந்த மிகப் பெரிய எண்ணோடு நிறுத்திக்கொள், மேலே கேட்காதே' என்று அந்த இடத்தில் மாற்றி எழுதினாள். மாற்றினால் மட்டும் போதாது. இயந்திரம் ஒவ்வொரு முறையும் தன் எழுத்தையெல்லாம் கூட்டிப் பார்க்கும். கூட்டுத்தொகை பழையபடியே வந்தால்தான் மேலே போகும். ஓரிடத்தில் கூடியதை வேறோரிடத்தில் குறைத்துக் கணக்கை நேர் செய்தாள்.

(எழுதுகிற எங்களுக்கு அப்படி ஒரு கூட்டல் சோதனை இல்லாதது கதைகளின் துரதிருஷ்டம்.)

மத்தியானம் ஷெட்டுக்குப் போனாள். யுபிஎஸ் இருக்கிறதா என்று கேட்டாள். இருந்தது. பழைய பயாஸின் பிரதியைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, மறுபடி ஃபிளாப்பியிலிருந்து கம்ப்யூட்டரை எழுப்பி, புதியதை எழுத ஆரம்பித்தாள். திரையில் சின்னச் சின்னக் கட்டங்களாகக் கோடு வளர்ந்தது. அது முடியும் வரை கரண்ட் போகக் கூடாது. போனால் சிப்பில் பாதி புதியது, பாதி ஒன்றுமில்லாதது.

வெளியே இடி இடித்தது. கரண்ட் போயிற்று. யுபிஎஸ் ஒரு தடவை 'கீக்' என்றது. அதுவும் போயிற்று.

[இங்கே எனக்கு ஒரு வில்லன் தேவைப்பட்டார். முதல் பிரதியில் இப்படி எழுதினேன்: "சாமிதுரையின் கண்களில் ஒரு கணம் மின்னி மறைந்தது —" இல்லை. ஒன்றும் மின்னவில்லை. அவர் இருட்டில் யுபிஎஸ்ஸைத் தட்டிக்கொண்டிருந்தார். "பேட்டரிய மாத்தணும் மாத்தணும்னு நெனச்சுக்கிட்டே இருந்தேனே," என்று தலையில் அடித்துக்கொண்டார். அவரை வில்லனாக்க மூன்று பக்கம் செலவழித்தேன். அவர் ஒத்துழைக்கவில்லை.]

கரண்ட் வந்தது. பொத்தானை அமுக்கினாள். மின்விசிறி மட்டும் சுற்றியது. திரை கறுப்பாகவே இருந்தது. முன்பு பாதி வரியாவது வந்துகொண்டிருந்தது. இப்போது அதுவும் இல்லை.

நாலைந்து வீட்டு நெல். எல்லாரும் வானதியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "சித்தப்பா, செத்துப் போச்சு," என்றாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

தர்மாம்பாள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள்.

"அழுது என்ன பண்றது? வா, நெல்லக் கிளறி விடுவோம். சூடு ஏறாம இருக்கட்டும். மத்தத அப்பறம் யோசிப்ப."

இருவரும் ஷெட்டின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை நெல்லைப் பரப்பிக் காலால் அளைந்தார்கள். வானதிக்குக் கலியாணமாகி வந்த நாளிலிருந்து மாமியாரோடு சேர்ந்து செய்த முதல் வேலை அதுதானாம். குதிகால் எரியும்வரை அளைந்தாள். அளைய அளையத்தான் யோசனை திரும்பி வந்தது.

சிப் சாகவில்லை. அதற்குள் இருந்த எழுத்துதான் அழிந்திருந்தது. மறுபடி எழுத முடிந்தால் பிழைத்துவிடும். எழுதுகிற கருவி அவளிடம் ஒன்று உண்டு. ஆனால் அது இந்தக் காலத்துக் குட்டிச் சிப்புகளுக்கானது. இது இரண்டு பக்கமும் பூரான் கால் மாதிரி வரிசையாகக் கால்கள் உள்ள பழைய நீளச் சிப். இதே மாதிரிச் சிப் போட்ட, வேலை செய்கிற இன்னொரு போர்டு கிடைத்தால் ஒரு வழி உண்டு. ஆபத்தான வழி. அவள் வீட்டில் இருந்தவை எல்லாம் சதுரச் சிப் வைத்தவை.

அதிராம்பட்டினத்தில் நௌஷாத் நினைவுக்கு வந்தார். பழைய கம்ப்யூட்டர் பைத்தியங்களுக்கான குழு ஒன்றில் பழக்கம். உடனே போன் போட்டாள்.

"நீளச் சிப்பா? இருக்கு தங்கச்சி. வாப்பா பிரவுசிங் சென்டர் வெச்சிருந்தப்ப ஓடுனது. இன்னைக்கும் போட்டா ஓடும்," என்றார்.

"அந்த போர்டையே இங்க மாட்டிட முடியுமாண்ணே? டிரையர் ஒயரெல்லாம் வந்து சேர்ற கார்டு, அந்தக் காலத்துக் கறுப்பு ஸ்லாட்டுல போறது."

"கறுப்பு ஸ்லாட்டு இதுல இல்லையே."

"அப்ப வேற வழி இல்ல. ஓட விட்டு, ஓடும்போதே சிப்பக் கழட்டணும்."

அந்தப் பக்கம் மேஜையைக் காலி செய்யும் சத்தம் கேட்டது.

"சரி, கெளம்பி வா," என்றார் நௌஷாத்.

5

கிளம்புவதற்குள் தோஹாவிலிருந்து போன் வந்துவிட்டது. ஊரில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். "நீ எதுக்கு அதுல கைய வெச்ச? நாளைக்கு எல்லாரும் நம்மளத்தான கேப்பாங்க?" என்றான் சூர்யபிரகாஷ். வானதி வாயைத் திறப்பதற்குள் தர்மாம்பாள் போனை வாங்கிக்கொண்டாள்.

"தம்பி, மழை பேஞ்சா கரண்டு போவும். அதுக்கு அவ என்ன பண்ணுவா? நெல்லு என்னுது. நான் பாத்துக்கறேன். நீ சாப்ட்டியா? சாப்ட்டுட்டு வேலையப் பாரு."

[கணவனைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவன் கெட்டவன் இல்லை. தூரத்தில் இருப்பவனுக்குப் பயம் இரண்டு மடங்கு. அவ்வளவுதான். அவனை மேலும் விளக்கினால் கதை கத்தாருக்குப் போய்விடும்.]

சாமிதுரை தன் குட்டியானை வண்டியை எடுத்தார். முன்னால் மூவர் நெருக்கி உட்கார்ந்தார்கள். செத்த சிப் ஒரு பிளாஸ்டிக் சோப்புப் பெட்டிக்குள் வானதியின் மடியில் இருந்தது. பட்டுக்கோட்டை ரோட்டில் தூறல்.

"என்ன செய்யப் போற? எனக்கும் வெளங்கற மாதிரி சொல்லு," என்றாள் தர்மாம்பாள்.

வானதி யோசித்துச் சொன்னாள். "கம்ப்யூட்டர் எந்திரிக்கறதுக்குத்தான் அத்தை இந்தச் சிப்பு வேணும். எந்திரிச்சு நின்னுடுச்சுன்னா, கொஞ்ச நேரத்துக்கு இது இல்லாமயே ஓடும். நௌஷாத் அண்ணன் போர்ட அவர் சிப்ப வெச்சு எழுப்புவோம். எழுந்தப்பறம் அவர் சிப்ப உருவிட்டு, நம்ம சிப்ப அதே எடத்துல சொருகி, நல்லா இருக்கிற எழுத்த இதுல எழுதிடுவோம்."

தர்மாம்பாள் வெளியே ஓடும் தென்னைகளைப் பார்த்தபடி சொன்னாள்.

"பம்புசெட்டு மாரி சொல்லு. கொடத்துத் தண்ணிய ஊத்தினாத்தான் மோட்டாரு தண்ணி எடுக்கும். எடுத்துக்கிச்சுன்னா கொடத்தக் கீழ வெச்சுடலாம்."

"அதேதான் அத்தை!" என்றாள் வானதி. பத்து வரியில் அவள் சொன்னது ஒரு குடத்தில் முடிந்துவிட்டது. அந்த வண்டியில், அந்த மழையில், அவளுக்கு முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது.

"கரண்டு இருக்கறப்பவே உருவுறியே, ஷாக்கு அடிக்காதா?"

"நமக்கு அடிக்காது. ரெண்டு கால் ஒண்ணோட ஒண்ணு ஒரசினா போர்டு போயிடும். அவரு போர்டு."

"அப்ப அவருக்குத்தான் மனசு பெருசு," என்றாள் தர்மாம்பாள்.

6

நௌஷாத்தின் கடையில் இப்போது செல்போன் உறைகளும் கலர் ஜெராக்ஸும்தான் வியாபாரம். அவருடைய அப்பா மீரா சாகிப் நடத்திய பிரவுசிங் சென்டரிலிருந்து எஞ்சியது பின்னறையில் இருந்த அந்த ஒரு மெஷின். நௌஷாத் அதைத் துடைத்துத் தயாராக மேஜைமேல் வைத்திருந்தார்.

"என் நிக்காஹ் பத்திரிகைய இதுலதான் டிசைன் பண்ணேன் தங்கச்சி. பாத்து."

"போயிடுச்சுன்னாண்ணே?"

"போயிடுச்சுன்னா கலியாணம் செல்லாதுன்னா சொல்லப் போறாங்க? ஆரம்பி."

சொல்லிவிட்டுத் தானே எழுந்து போய் ஜெராக்ஸ் மெஷினை அணைத்தார், மின்விசிறிகளை அணைத்தார், பக்கத்துக் கடைக்காரரிடம் ஜூஸ் மிக்ஸியைக் கொஞ்ச நேரம் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார். இன்வெர்ட்டர் புதுசு என்று இரண்டு தடவை சொன்னார்.

ஃபிளாப்பியிலிருந்து கம்ப்யூட்டர் எழுந்தது. கறுப்புத் திரையில் வெள்ளைக் குறி மினுக்கிக்கொண்டு நின்றது. இப்போது சிப்பை உருவ வேண்டும். சாய்ந்து வரக் கூடாது. இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் நேராக மேலே வர வேண்டும். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் சாயும். வானதி கையைக் கொண்டுபோனாள். விரலுக்குப் பிடி கிடைக்கவில்லை. எடுத்துவிட்டாள்.

"நரம்பு போட்டு இழுத்தா?" என்றார் நௌஷாத். மேஜை அறையிலிருந்து தூண்டில் நரம்புச் சுருள் ஒன்றை எடுத்தார். கடற்கரை ஊரில் அது எல்லா மேஜையிலும் இருக்கும். சிப்பின் இரண்டு முனைக்கு அடியிலும் நரம்பை விட்டு, மேலே ஒன்றாகச் சேர்த்துப் பிடித்தாள்.

"போர்டு தூக்கிக்கும்," என்றாள்.

"நான் அமுக்கிப் புடிச்சுக்கறேன். நீ இழு," என்றாள் தர்மாம்பாள். புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு, எங்கே தொடலாம் எங்கே கூடாது என்று கேட்டு, இரண்டு ஓரங்களையும் உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தாள்.

வானதி இழுத்தாள். 'ப்ளக்' என்று வந்துவிட்டது. எல்லாரும் திரையைப் பார்த்தார்கள். குறி மினுக்கிக்கொண்டே இருந்தது.

"தண்ணி எடுத்துக்கிச்சு," என்றாள் தர்மாம்பாள்.

செத்த சிப்பை அதே குழியில் வைத்து, திசை சரிதானா என்று மூன்று பேரும் மாறி மாறிப் பார்த்த பிறகு அழுத்தினாள். தன் திருத்திய பயாஸை எழுதச் சொல்லி விசையைத் தட்டினாள். கட்டம் கட்டமாகக் கோடு வளர்ந்தது. சாமிதுரை வாசலில் நின்று வானத்தை முறைத்துக்கொண்டிருந்தார், இன்னொரு இடி இடித்தால் கேட்டுவிடுகிற மாதிரி.

கோடு முடிந்தது. எழுதியது சரியா என்று ஒப்பிட்டுப் பார்த்தது நிரல். சரியில்லை என்று சிவப்பில் சொன்னது.

வானதி ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு குனிந்து பக்கவாட்டில் பார்த்தாள். ஒரு கோடியில் சிப் மயிரிழை தூக்கிக்கொண்டிருந்தது. கட்டை விரலால் அழுத்தினாள். 'டிக்' என்று இறங்கியது. மறுபடி எழுதச் சொன்னாள். மறுபடி கோடு. மறுபடி ஒப்பிடல்.

சரி என்றது.

நௌஷாத்தின் சிப் பழைய இடத்துக்குப் போயிற்று. அவருடைய மெஷினும் ஒன்றுமே நடக்காதது போல எழுந்து நின்றது. அவர் அதற்குப் பிறகுதான் உட்கார்ந்தார். "எல்லாருக்கும் சர்பத் சொல்றேன். மிக்ஸியப் போடச் சொல்லலாம்ல?" என்றார்.

7

இப்போது முடிவு. என் கையில் சிலது இருக்கின்றன.

(அ) ஷெட்டுக்குத் திரும்புகிறார்கள். கதவைத் திறந்தால் புளித்த வாடை. நெல் முளை கட்டிவிட்டது. சரியான சிப் கையில் இருக்கிறது, காப்பாற்ற நெல் இல்லை. இந்த முடிவை நான் மிகவும் விரும்பி எழுதினேன். பத்திரிகைக்காரர்களுக்கும் பிடித்திருக்கும். வானதிக்கு வாசித்துக் காட்டினேன். "ஏன் சார், நாங்க என்ன பாவம் பண்ணோம்?" என்றாள். கிழித்துவிட்டேன்.

(ஆ) தர்மாம்பாள் மருமகளைக் கட்டிக்கொண்டு அழுகிறாள். (அவள் அழவில்லை. கட்டிக்கொள்ளவும் இல்லை. இதைக் கிழிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை, எழுதும்போதே வெட்கமாகிவிட்டது.)

(இ) நடந்தது. சிப்பை மாட்டினாள். பொத்தானை அமுக்கினாள். மெமரியை எண்ணியது. டிஸ்க்கைத் தேடுகிறேன் என்றது. வழக்கமாக நிற்கும் இடத்தில் ஒரு கணம் நின்றது, பிறகு கார்டின் பெயரைச் சொல்லிவிட்டு மேலே போய்விட்டது. டிரையர் நிரல் வந்தது. சாமிதுரை நெம்புகோலைத் தள்ளினார். பெரிய மின்விசிறி உறுமிக்கொண்டு எழுந்தது. மேலே ஏறிய நெல் உள்ளே கொட்டும் சத்தம் மழைச் சத்தத்தை அமுக்கியது.

தர்மாம்பாள் டிரையரின் அடிவாயில் கையை நீட்டினாள். வெதுவெதுப்பாக நெல் உள்ளங்கையில் விழுந்தது. இரண்டை எடுத்துப் பல்லில் கடித்துப் பார்த்தாள். தலையை ஆட்டினாள். பிறகு ஒரு சாக்கு மூட்டைமேல் சாய்ந்தவள் அப்படியே தூங்கிப்போனாள். வானதியும் பக்கத்தில் உட்கார்ந்தாள். எழுந்திருக்கலாம் என்று நினைத்தாளாம். காலுக்கு அந்த எண்ணம் வரவில்லை. மின்விசிறியின் சூட்டுக் காற்று முகத்தில் பட, தானும் மாமியாரின் தோளில் சாய்ந்து கண் அயர்ந்துவிட்டாள். சாமிதுரை இருவரையும் எழுப்பாமல், கொட்டும் நெல் மேலே படாதபடி ஒரு படுதாவை இழுத்துக் கட்டினார்.

காய்ந்த நெல்லில் ஒரு பிடி எடுத்து ஈரத்துணியில் சுற்றி வைத்தார்கள். பிரித்தபோது வெள்ளை வெள்ளையாக முளை. பதர் போல ஒன்றிரண்டு தவிர எல்லாம் உயிரோடு இருந்தது. மற்ற வீட்டு நெல்லும் அப்படியே. எழுதுகிறவனுக்கு இது கொஞ்சம் ஏமாற்றம். மனிதனுக்கு இது பெரிய நிம்மதி. நான் மனிதன் பக்கம் போய்விட்டேன்.

8

ஆனால் கதையை முடித்துவிடலாம் என்று இருந்தபோது, ஒருமுறை பார்த்துவிட்டு வரலாமே என்று அந்த ஊருக்குப் போனேன். அதுதான் தப்பாகிவிட்டது.

குறுவைக்கு அடுத்த தாளடி அறுப்பு நடந்துகொண்டிருந்தது. ஷெட்டில் நெல் குவிந்திருந்தது. வானதியும் தர்மாம்பாளும் அங்கேதான் இருந்தார்கள். நான் நுழையவும் சாமிதுரை கம்ப்யூட்டரைப் போடவும் சரியாக இருந்தது. திரையில் வரிகள் விறுவிறுவென்று ஓடின. கம்பெனிக்காரர்கள் தங்கள் பெயரைப் போடும் இடத்தில், ஆங்கில எழுத்தில், ஆனால் தமிழ் மாதிரி ஒரு வரி தெரிந்தது. நான் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்வதற்குள் போய்விட்டது. டிரையர் நிரல் வந்து நின்றது. சாமிதுரை நெம்புகோலைத் தள்ளினார்.

"வானதி, அது என்னம்மா? நீ எழுதினதா?"

"ஆமா சார். அந்த வரியில கொஞ்சம் எடம் இருந்துச்சு."

"என்ன எழுதினே?"

அவள் பதில் சொல்வதற்குள் தர்மாம்பாள், "என் பேருதான்," என்றாள். சாமிதுரை, "சும்மா சொல்லாதக்கா. எழுத்த எண்ணிப் பாரு, அது 'கரண்டு போவக் கூடாது'ன்னு சாமிய வேண்டிக்கிட்டது," என்றார். வானதி சிரித்தாளே தவிர இரண்டையும் மறுக்கவில்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை.

"ஒருதரம் அணைச்சுப் போட்டுக் காட்டுங்களேன். வரியப் படிச்சுடறேன். கதைக்கு வேணும்."

சாமிதுரை என்னைப் பார்த்த பார்வையில் மரியாதை குறையவில்லை. ஆனால் நெம்புகோலிலிருந்து கையை எடுக்கவும் இல்லை.

"உள்ள நெல்லு ஓடுதுங்க. இப்ப நிறுத்த முடியாது."

அவர் சொல்வது நியாயம். அதனால் அந்த வரி என்னிடம் இல்லை. நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். ஒரே ஒரு நிபந்தனை: இடம் கொஞ்சம்தான், கூட்டினால் கணக்குச் சரியாக வர வேண்டும். எனக்கு இங்கே வேறு அவசரம். மூட்டை தூக்கி வருகிறவர், "சார், வழியில நிக்கறீங்க," என்கிறார். நகர்ந்துகொள்கிறேன்.